ஐந்தாவது சில்லு



“கார் வாங்குவது ஆண்களின் காரியம். நமக்கு அதில் ஏறி இருக்கத் தெரிந்தால் போதும்.” இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நானும் இப்படித்தான் எண்ணியிருந்தேன். உங்களிலும் பலர் அப்படி எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அந்த எண்ணம் என்னிடம் எப்படி மாறியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி அது மீண்டும் திறந்து விடப்பட்டபோது, தம்புள்ளையில் எங்கள் உறவினர் வீடுகளிலும் கார்ப் பேச்சு தொடங்கிவிட்டது. குருநாகலில் வியாபாரம் செய்யும் என் மூத்த மகன் ஒரு நாள் கையில் ஒரு தாளுடன் வந்தார். வாங்க எண்ணியிருக்கும் காருக்கு என்னென்ன வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தார். 18 அங்குலச் சில்லு, தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன், கண்ணாடிக் கூரை, கறுப்புத் தோல் இருக்கை என்று அந்தப் பட்டியல் நீண்டு போனது.

“உம்மா, இதக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

முழுவதையும் வாசித்துவிட்டு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“மகன், இதுல ஸ்பெயார் சில்லு எங்க?”

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவருடைய வாப்பா ஒன்றும் பேசாமல் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

என் கணவர் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். 1999இல் அது திறக்கப்பட்டதிலிருந்து அவருக்கு இரவு பகல் எல்லாம் அங்கேதான். லொறியின் குலுக்கலிலேயே அவருடைய இளமை கழிந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, வேகமும் அமைதியும் சேர்ந்த ஒரு நல்ல கார் என்பது அவருடைய பல வருட ஆசை. பென்ஸ் சி வகுப்பு, பி.எம்.டபிள்யூ. 3 வரிசை, ஔடி ஏ4, லெக்சஸ் ஐ.எஸ். என்றெல்லாம் சொல்கிறார்களே, அந்த இனத்துக் கார்தான் அவர் மனதில் இருந்தது. சொகுசும் உண்டு, ஓட்டப் பந்தயக் கார் போன்ற இழுவையும் உண்டு.

2019இல், நான்கு வருடம் ஓடிய ஒரு ஜேர்மன் கார் கைக்கு வந்தது. எது என்ற பெயர் இங்கே அவசியமில்லை; நடந்ததற்குக் காரின் மீது பழி சொல்லவும் நான் வரவில்லை. வட்டிக்கு எடுப்பதில்லை என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார். ஒரு லொறியை விற்று, சேமிப்பையும் சேர்த்து, முழுப் பணத்தையும் கையில் கொடுத்தே வாங்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பணத்தையும் விலையிலேயே போட்டுவிட்டு, பராமரிப்புக்கென்று ஒரு சதமும் ஒதுக்கி வைக்கவில்லை. எங்கள் முதல் தவறு அதுதான்.

அந்தக் காலத்தில் என் உம்மாவும் எங்களோடுதான் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் கண்டியில் இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டிய நிலை. தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதியில் நாவுல, நாலந்த, மாத்தளை வழியாகக் கண்டிக்குச் சுமார் 72 கிலோமீற்றர். “மாமிக்கு நல்ல காரொண்டு வேணும்தானே” என்று கணவர் சொன்னார். ஆசைக்கு ஒரு நல்ல காரணமும் சேர்ந்து கொண்டது!

முதல் நாளே ஒன்றைக் கண்டேன். ஸ்போர்ட்ஸ் கார்களின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலிக்காரரான உம்மா அதில் உட்காரவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எழுப்புவதற்கு இருவர் வேண்டும். இரண்டாவது, வீதியில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் அது உம்மாவின் இடுப்பில் போய் இடித்தது. “கார் நல்லம்தான் மகள், ரோட்டுதான் சரியில்ல” என்று மருமகனின் மனம் நோகாமல் சொல்லிக்கொள்வார்.

ஏன் அப்படி இடிக்கிறது என்று நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், இதில் பெரிய கல்வி ஒன்றும் தேவையில்லை. டயரின் பக்கத்தில் 225/45 ஆர் 18 என்பது போல இலக்கங்கள் இருக்கும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்குதான் டயரின் பக்கச் சுவரின் உயரம் என்று பொருள். 18 என்பது இரும்புச் சில்லின் விட்டம், அங்குலத்தில். 225இல் 45 வீதம் என்றால் சுமார் 101 மில்லிமீற்றர். அதே காருக்கு 16 அங்குலச் சில்லில் 205/60 டயர் போட்டால் அந்தச் சுவர் 123 மில்லிமீற்றர். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சுவரும் அதற்குள் உள்ள காற்றும்தான். சில்லு பெரிதாகப் பெரிதாகப் பார்வைக்கு அழகு கூடும், மெத்தை குறையும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் காரோடு வந்தவை ‘ரன்ஃப்ளாட்’ என்ற வகை டயர்கள். அவற்றின் பக்கச் சுவர் தடித்து விறைப்பாக இருக்கும். ஆணி ஏறிக் காற்று முழுவதும் போனாலும், மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டாத வேகத்தில் சுமார் 80 கிலோமீற்றர் தூரம் ஓடிச் சேர்ந்துவிடலாம். அந்த வசதியை நம்பித்தான் இத்தகைய கார்கள் பலவற்றுக்கு ஸ்பெயார் சில்லு கொடுப்பதில்லை. பின் பெட்டியில் அதற்கு இடமும் இருக்காது. ஜேர்மனியின் அகன்ற நெடுஞ்சாலையில், அழைத்தவுடன் உதவி வாகனம் வந்து நிற்கும் நாட்டில், அது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் அந்த விறைப்பான சுவர்தான் உம்மாவின் இடுப்பையும் இடித்தது.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை எந்தக் குடும்பத் தலைவிதான் மறப்பாள்? வருட ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு உதிரிப் பாகமும் அதே கதியில் ஏறியது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா; எங்கள் காருக்கு வேண்டிய 95 ஒக்டேன் 550 ரூபா. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். கண்டிக்கு ஒருமுறை போய்வர 144 கிலோமீற்றர். இரண்டு முறை என்றால் 288. லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடும் காருக்கு 29 லீற்றர் தேவை! கிழமையில் ஒரு நாள் உம்மா அந்த விலையுயர்ந்த காரில் போனார்; மறுநாள் பஸ்ஸில் போனார். பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை கூட அவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஓகஸ்ட்டில் நான்கு டயரும் தேய்ந்து போயின. ரன்ஃப்ளாட் டயர்களின் விலையைக் கேட்டு வந்த கணவர் சாய்மனைக் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாதாரண டயர் போட்டால் விலையும் குறைவு, இடியும் குறைவு என்று டயர்க் கடைக்காரர் சொன்னாராம். சகோதரிகளே, இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். “அதையே போடுங்க, உம்மாக்கு லேசா இருக்கும்” என்று வற்புறுத்தியவள் நான்தான். கணக்குக் கொப்பியில் ‘டயர் 4’ என்று என் கையாலேயே எழுதினேன். ஐந்தாவதைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரன்ஃப்ளாட் டயரைக் கழற்றியதோடு, ஸ்பெயார் சில்லு இல்லாமல் ஓடும் பலத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டோம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் மாதம், நல்ல மழை. உம்மாவுக்குக் காலை ஏழு மணிக்கு முறை. விடியுமுன் நான்கு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். நாவுலையைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். மழைத் தண்ணீர் நிரம்பிய பள்ளம் ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. கணவர் இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்தார். முன் இடது டயரின் பக்கச் சுவர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

பின் பெட்டியில், காற்று அடிக்கும் சிறிய இயந்திரமும் ஓட்டையை அடைக்கும் பசைப் போத்தலும் இருந்தன. ஆணி குத்திய சிறு துளைக்கு அது போதும். பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. டயர்க் கடைகள் திறக்க இன்னும் மூன்று மணித்தியாலம். காரைத் தூக்கிச் செல்லும் வாகனத்துக்கு அழைத்தால், கண்டியிலிருந்து வர வேண்டும், எட்டு மணி ஆகும் என்றார்கள். பின் இருக்கையில் உம்மா கால்கள் வீங்கி, மூச்சை மெதுவாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முந்திய முறையில் நேரம் குறைந்ததால் உடம்பில் நீர் தங்கியிருந்தது. “ஒண்ணுமில்ல மகள், பயப்புடாதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

முக்கால் மணி நேரம் போனது. கடந்து போன வாகனங்களுக்கெல்லாம் கணவர் மழையில் நனைந்தபடி கை காட்டினார். கடைசியில் ஒரு சின்ன லொறி நின்றது. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகிற லொறி. சாரதி ஒரு சிங்களச் சகோதரர். எட்டிப் பார்த்தவர் வேறொன்றும் கேட்கவில்லை. முன் இருக்கையில் இருந்த தன் உதவியாளரைப் பின்னால் மரக்கறிக் கூடைகளுக்கு இடையில் போய் இருக்கச் சொல்லிவிட்டு, “அம்மாவை ஏற்றுங்கள்” என்றார்.

அப்போது நடந்ததுதான் எனக்கு மறக்க முடியாதது. காரில் விழுந்து எழும்பும் என் உம்மா, அந்தச் சின்ன லொறியின் இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருந்ததால், யாரும் தூக்காமலே பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நானும் நெருக்கி இருந்தேன். மாத்தளையைக் கடக்கும்போது மெல்லச் சிரித்து, “உங்கட காரை விட இது லேசா இருக்குது மகள்” என்றார். நான் அழுதுவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உம்மாவின் முறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அது அவர்களுடைய பிழையல்ல. காத்திருப்பவர்கள் அத்தனை பேர். மதியத்துக்குப் பிறகு இடம் கிடைத்தது. அதுவரை ஒட்சிசன் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அன்று உம்மா தப்பினார். அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் மேல் எங்களோடு இருந்துவிட்டே போனார். அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். ஆனால் அந்தக் காலை வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம்.

என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப் பாகக் கடைகளில் தேடி, எங்கள் காருக்குப் பொருந்தும் ஒரு சில்லும், ஜக்கும், நட்டுக் கழற்றும் சாவியும் கொண்டு வந்தார். பொருந்தும் என்றால், நட்டுத் துளைகள் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பிறேக்கின் மேல் உரசாமல் சில்லு சுழல வேண்டும். அதையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பின் பெட்டியில் வைத்தார். பெட்டியில் பாதி இடம் போனது. போகட்டும்!

அன்றிலிருந்து அந்தக் காரின் கணக்கு என் கையில். முதலில் கராஜில் பாஸிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். ‘இந்த அம்மா ஏன் இதெல்லாம் கேட்கிறார்’ என்பது போல முதலில் பார்த்தவர், பிறகு தானே விளக்கிச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கொப்பியிலிருந்து உங்களுக்குச் சிலதைத் தருகிறேன்.

ஒன்று: பெற்றோல். 95 ஒக்டேன் வேண்டும் என்று மூடியின் உள்ளே எழுதியிருந்தால், அதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. டர்போ உள்ள எஞ்சினில் அழுத்தம் அதிகம். தரம் குறைந்த பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். காரின் கொம்பியூட்டர் அதை உணர்ந்து எஞ்சினை அடக்கி ஓட்டும். அப்போது இழுவையும் குறையும், செலவும் கூடும். லீற்றருக்கு மிச்சம் பிடித்ததாக நினைப்பது பெரும்பாலும் மிச்சமே அல்ல.

இரண்டு: ஒயிலும் நீரும். தம்புள்ளை வெயில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் பாதையில் பிளாஸ்டிக்கும் றப்பரும் உண்டு. சூட்டில் அவை காய்ந்து வெடிக்கும். கூலண்ட் அளவை மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறிய பிறகு மட்டும், பாருங்கள். எஞ்சின் ஒயிலை, கார் கேட்கும் வரை காத்திராமல் சற்று முந்தியே மாற்றுகிறோம். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

மூன்று: பற்றரி. இத்தகைய கார்கள் பலவற்றில் புதுப் பற்றரி போட்டால், அதை கொம்பியூட்டருக்கு அறிவித்துப் பதிய வேண்டும். பழைய பற்றரி என்றே எண்ணிக் கார் மின்னேற்றினால் புதியது சீக்கிரம் கெட்டுவிடும். அந்தக் கருவி உள்ள கராஜ் எது என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

நான்கு: டயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூக்கள் தேயாமல் இருந்தாலும் றப்பருக்கு வயது போகும். ‘புதிய டயர்’ என்று விற்கும்போது இதைப் பாருங்கள். ஸ்பெயார் சில்லிலும் பாருங்கள்.

ஐந்து: ஒதுக்கீடு. கார் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பத்து ரூபா என்று, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வந்தேன். கிழமைக்கு 290 கிலோமீற்றர் ஓடிய அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் சேர்ந்தது. பெரிய வேலை வந்த வருடத்தில் அது போதவில்லைதான். ஆனால் கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்காமல் காப்பாற்றியது.

மகன் கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். ஆசைப்படாதீர்கள் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் நல்ல காரொன்று வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, மருமகளையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

18 அங்குலச் சில்லு யாருக்கு? வீதியில் பார்ப்பவர்களுக்கு. நமக்கு 16 அல்லது 17 போதும். தாழ்த்திய சஸ்பென்ஷனுக்கு நம் ஊர் வேகத் தடைகள் என்ன சொல்லும்? கண்ணாடிக் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் சிறு குழாய்கள் இருக்கின்றன. இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மா மரத்தடியில் நிறுத்தும் வீட்டுக்கு அது ஏற்றதா? கறுப்புத் தோல் இருக்கையில், நண்பகல் வெயிலில் நின்ற காருக்குள், பேரப்பிள்ளையைத் தொடை சுடாமல் எப்படி இருத்துவது? மாறாக, உயர்த்தித் தாழ்த்தக் கூடிய முன் இருக்கை, பின்னால் இருப்பவர்களுக்கும் ஏ.சி. காற்று வரும் துவாரம், குழந்தை இருக்கையை இறுகப் பூட்டும் கொளுவி, பின்புறம் காட்டும் கெமரா, இரவில் பள்ளம் தெரியும் நல்ல வெளிச்சம் ஆகியவற்றுக்குப் பணம் கொடுத்தால் அது வீண் போகாது.

மகன் சிரித்துக்கொண்டே சிலதை வெட்டினார். கண்ணாடிக் கூரையை மட்டும் விட மனமில்லாமல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்தார். சரி, இளமை! தாளின் அடியில் ‘ஸ்பெயார் சில்லு, ஜக்’ என்று எழுதியவர் மருமகள்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இருப்பது விலையுயர்ந்த காரோ, பழைய சிறிய காரோ, வேனோ, எதுவானாலும் சரி. நீங்கள் ஓட்டத் தெரியாதவராகவே இருந்தாலும் சரி. இன்று மாலை அதன் பின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஐந்தாவது சில்லு இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, ஜக் இருக்கிறதா, நட்டைக் கழற்றும் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் காரில் போகிறவர்கள் உங்கள் உம்மாவும் உங்கள் பிள்ளைகளும்தானே?